கரையில் செய்ய வேண்டிய வேலை

புனே நகரின் கிழக்கு விளிம்பில் இருக்கிறது ஹடப்சர். சோலாப்பூர் நெடுஞ்சாலையும் சாஸ்வட் செல்லும் சாலையும் பிரிகின்ற இடம் அது. ஒரு காலத்தில் கரும்பு வயல்களாகவும் காய்கறித் தோட்டங்களாகவும் இருந்த நிலத்தில் இன்று மென்பொருள் நிறுவனங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் எழுந்து நிற்கின்றன. அங்கு வசிக்கும் தமிழ் அன்பர்கள் சிலர் சேர்ந்து மூன்று நாள் ஆன்மீக முகாம் ஒன்றை நடத்தினார்கள். அதில் பேசும் வாய்ப்பு அடியேனுக்குக் கிடைத்தது.

இரண்டாம் நாள் மாலை, கேள்வி பதில் நேரம். பின்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். அவர் கேட்டது இது:

"சுவாமிஜி, இருபது ஆண்டுகளாக இத்தகைய முகாம்களுக்கு வந்துகொண்டிருக்கிறேன். மூன்று நாட்கள் மனம் தெளிந்த நீர் போல இருக்கிறது. வீடு திரும்பிய நான்காம் நாள் பழைய கோபமும் பழைய வெறுப்பும் அப்படியே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அப்படியானால் இத்தனை முகாம்களால் எனக்கு என்ன நன்மை? இன்னும் சில மாதங்களில் பணி ஓய்வு பெறப் போகிறேன். இனி எத்தனை முகாம்களுக்கு வர முடியுமோ, தெரியாது."

அவருடைய குரலில் விவாதம் இல்லை, வருத்தமே இருந்தது. என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஏனெனில் அந்தக் கேள்வி என்னையும் சுட்டது. அதற்கு முந்தைய ஆண்டு மலைப்பகுதி ஒன்றில் ஒரு மாதம் தனிமையில் தங்கியிருந்தேன். நிறையப் படித்தேன், நன்றாக உறங்கினேன், ஜபமும் தியானமும் தடையின்றி நடந்தன. திரும்பி வந்த ஒரு வாரத்திற்குள், அச்சுக்குப் போக வேண்டிய பக்கங்களைத் தாமதமாகக் கொண்டுவந்த இளம் பிரம்மசாரி ஒருவரைப் பலர் முன்னிலையில் கடுமையாகப் பேசிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தலைகுனிந்து நின்றார். ஒரு மாதத் தனிமையில் நான் சேர்த்தது என்ன என்ற கேள்வி அன்றிரவு எனக்கும் எழுந்தது.

ஆகவே அந்தப் பெரியவருக்கு அன்று நான் சொன்னவை எனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டவையே.

ஹடப்சர் மக்கள் அறிந்தது

ஆண்டுதோறும் ஆஷாட மாதத்தில் பண்டரிபுரம் செல்லும் வார்க்கரிகளை ஹடப்சர்வாசிகள் நன்கு அறிவார்கள். ஆளந்தியிலிருந்து ஞானேசுவரரின் பாதுகைகளும், தேஹுவிலிருந்து துக்காராமின் பாதுகைகளும் பல்லக்கில் புறப்படுகின்றன. லட்சக்கணக்கானோர் நடந்து வருகிறார்கள். இரண்டு பல்லக்குகளும் புனே நகரில் தங்கிச் செல்கின்றன. பிறகு ஹடப்சர் வரை வந்து பிரிகின்றன. துக்காராமின் பல்லக்கு லோணி காள்போர் வழியே போகிறது. ஞானேசுவரரின் பல்லக்கு திவே மலைப்பாதையில் ஏறிச் சாஸ்வடை அடைகிறது. அந்த ஏற்றத்தில் ரதத்தை இழுக்கக் கூடுதல் காளைகளைப் பூட்டுவது வழக்கம்.

புனேவில் தங்கும் நாட்களில் என்ன நடக்கிறது? செருப்புத் தைப்பவர்கள் சாலையோரம் அமர்ந்து யாத்திரிகர்களின் அறுந்த செருப்புகளைக் காசு வாங்காமல் தைத்துக் கொடுக்கிறார்கள். மருத்துவர்கள் கொப்புளம் கண்ட பாதங்களுக்கு மருந்திடுகிறார்கள். முடிதிருத்துபவர்களும் தங்கள் தொழிலையே சேவையாக்குகிறார்கள். வார்க்கரிகள் துணி துவைத்து உலர்த்திக்கொள்கிறார்கள். அதன் பிறகுதான் மலை ஏற்றம்.

அந்தத் தங்கலில் ஓய்வு உண்டு. ஆனால் அது ஓய்வுக்காக மட்டும் ஏற்பட்டதில்லை. அறுந்த செருப்பைத் தைக்காமல் இரண்டு நாள் உறங்கி எழுந்தவர் திவே மலைப்பாதையில் என்ன ஆவார்? உறக்கம் தந்த தெம்பு முதல் இரண்டு கல் தூரத்திற்குப் போதும். அதன் பிறகு வெறுங்கால்தான் பேசும்.

இதே உண்மையை நிலத்தைவிடக் கடல் இன்னும் கண்டிப்பாகக் கற்பிக்கிறது.

தாரிணி என்னும் படகு

புனேவில் கடல் இல்லை. மும்பைக் கடற்கரைக்குச் சாலை வழியே 150 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஆயினும் நகரின் மறுபக்கத்தில், கடக்வாஸ்லா ஏரிக்கரையில் உள்ள தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகத்தில் இளம் வீரர்கள் பாய்மரப் படகு செலுத்தக் கற்கிறார்கள். ஆகவே கடற்படகின் உவமை ஹடப்சர் அன்பர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது.

நம் கடற்படையில் 'தாரிணி' என்றொரு பாய்மரப் படகு இருக்கிறது. நீளம் சுமார் 55 அடி. கோவாவில் கட்டப்பட்டு 2017 பிப்ரவரியில் கடற்படையில் சேர்ந்தது. ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில், ருஷிகுல்யா நதிக்கரைக் குன்றின் மீது கோயில் கொண்டிருக்கும் தாரா தாரிணி அன்னையின் பெயரை அது தாங்கியிருக்கிறது. பழங்காலக் கலிங்கத்து மாலுமிகளும் வணிகர்களும் வழிபட்ட தேவி அவள். தாரிணி என்றால் கரை சேர்ப்பவள். படகு என்றும் அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு.

2017 செப்டம்பரில் ஆறு பெண் அதிகாரிகள் இந்தப் படகில் கோவாவிலிருந்து புறப்பட்டு உலகைச் சுற்றி 2018 மே மாதம் திரும்பினார்கள். பின்னர் 2024 அக்டோபர் 2 அன்று இருவர் மட்டும் புறப்பட்டார்கள்: கேரளத்தைச் சேர்ந்த தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. சுமார் 25,400 கடல் மைல் கடந்து 2025 மே 29 அன்று அவர்கள் கோவாவில் வரவேற்கப்பட்டார்கள். வழியில் நான்கு துறைமுகங்களில் தங்கினார்கள்: ஆஸ்திரேலியாவில் ஃப்ரீமேன்டில், நியூசிலாந்தில் லிட்டெல்டன், ஃபாக்லாந்து தீவுகளில் போர்ட் ஸ்டான்லி, தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன்.

இவற்றுள் லிட்டெல்டன் துறைமுகத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். 2024 டிசம்பர் பிற்பகுதியில் அங்கு வந்த தாரிணி 2025 ஜனவரித் தொடக்கத்தில் புறப்பட்டது. எதிரே பயணத்தின் மிக நீண்ட பகுதி, தென் பசிபிக் பெருங்கடல். அதன் முடிவில் மாலுமிகள் அஞ்சும் ஹார்ன் முனை. இடையில் 'நீமோ முனை' எனப்படும் இடம். கடலில் நிலத்திலிருந்து மிகத் தொலைவான புள்ளி அது. எந்தப் பக்கம் போனாலும் கரை சுமார் 2,700 கிலோமீட்டருக்கு அப்பால். சில வேளைகளில் தலைக்கு மேலே விண்வெளி நிலையத்தில் சுற்றிக்கொண்டிருப்பவர்களே அங்கிருப்போருக்கு மிக அருகிலுள்ள மனிதர்கள் என்கிறார்கள்.

நீமோ முனையில் கடை இல்லை, கருமானும் இல்லை, தச்சரும் இல்லை. லிட்டெல்டனில் எதைச் சரிசெய்தார்களோ அதுவே அங்கே சரியாக இருக்கும். அங்கே எதை ஏற்றினார்களோ அதுவே இங்கே கைக்குக் கிடைக்கும்.

நம் வாழ்விலும் நீமோ முனைகள் வருகின்றன. மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நள்ளிரவில் தனியாக அமர்ந்திருக்கும் நேரம், நெருங்கியவரின் மரணம், எதிர்பாராத அவமானம், நம்முடைய இறுதி நாட்கள். அந்த நேரத்தில் புதிதாக ஒரு பயிற்சியைத் தொடங்க முடியாது. முன்பே செய்து வைத்திருப்பதுதான் துணைக்கு வரும். சத்சங்கம், முகாம், தனிமை வாசம், ஏன், ஒரு நாளின் விடியற்கால அரைமணி நேரம்கூட நமக்கு லிட்டெல்டன்தான். அங்கே மாலுமிகள் செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாய்மரத்தின் உச்சியில்

நெடும்பயணத்திற்குப் புறப்படும் முன் மாலுமிகளில் ஒருவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு பாய்மரத்தின் உச்சி வரை ஏறுவார். மரத்தைத் தாங்கி நிற்கும் எஃகுக் கம்பிகளையும் அவை இணையும் இடங்களையும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இறங்குவார். அவர் தேடுவது பெரிய உடைப்பை அல்ல. முடியளவு விரிசல், அறுந்த ஓர் இழை, கழன்று வரப் பார்க்கும் சின்னஞ்சிறு ஊசி. அந்த ஊசி விழுந்தால் இணைப்பு கழலும். இணைப்பு கழன்றால் கம்பி விடுபடும். கம்பி விடுபட்டால் மரமே சாயும்.

இந்தச் சோதனையை ஏன் துறைமுகத்தில் செய்கிறார்கள்? அங்கேதான் படகு ஆடாமல் நிற்கிறது. புயலில் மரத்தின் உச்சிக்கு ஏறுவது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

கோபம் பொங்கும்போது கோபத்தை ஆராய்வது எத்தனை பேரால் முடியும்? மனம் அமைதியாக இருக்கும்போதுதான் அது முடியும். ஆனால் நாமோ மனம் அமைதியடைந்ததும், 'கோபம் போய்விட்டது' என்று மகிழ்ந்துவிடுகிறோம். அது போகவில்லை, காற்று நின்றிருக்கிறது, அவ்வளவே. முகாமின் அமைதி நமக்கு அளிக்கப்பட்ட பரிசு என்று எண்ணி அதைச் சுவைத்துக்கொண்டே மூன்று நாட்களையும் கழித்துவிடுகிறோம். உண்மையில் அது மரம் ஏறுவதற்குக் கிடைத்த வாய்ப்பு. என் மலைவாசத்தில் நான் செய்த தவறும் இதுதான். ஒரு மாதம் காற்றில்லாத நீரில் நின்றேன். ஒருமுறையும் மேலே ஏறிப் பார்க்கவில்லை.

கயிறு தேயும் இடம்

பாயை ஏற்றும் கயிறு கப்பியின் மேல் ஓடுகிறது. பல வாரங்கள் ஒரே நிலையில் பாயைக் கட்டி வைத்தால், கப்பியில் படும் அந்த ஒரே இடம் இரவும் பகலும் உராய்ந்து தேயும். மற்ற இடமெல்லாம் புதுக்கயிறு போலவே இருக்கும். அந்த ஒரு சாண் தேய்ந்தால் போதும், கயிறு முழுவதும் பயனற்றது. ஆகவே அனுபவமுள்ளவர்கள் கயிற்றை நீள வாட்டில் சோதிப்பார்கள். தேயத் தொடங்கிய பகுதியை வெட்டி எடுப்பார்கள், அல்லது கயிற்றை முனை மாற்றிக் கட்டுவார்கள். உராயும் இடத்தில் தோல் அல்லது தடித்த துணியைச் சுற்றிவைப்பதும் உண்டு.

நம் மனமும் எல்லா இடத்திலும் தேய்வதில்லை. அலுவலகத்தில் பொறுமையின் உருவமாக இருப்பவர் வீட்டில் ஒரே ஒருவரிடம் மட்டும் எரிந்து விழுவார். எல்லோருக்கும் தாராளமாகக் கொடுப்பவர் ஒரு சொத்துப் பேச்சு வந்தால் மட்டும் கல்லாகிவிடுவார். ஒரே இடம், ஒரே ஆள், பெரும்பாலும் ஒரே நேரம். 'நான் கோபக்காரன்' என்று பொதுவாகச் சொல்லி வருந்துவதால் ஒன்றும் நடவாது. 'இன்னாரிடம், இன்ன பேச்சு வரும்போது என் மனம் தேய்கிறது' என்று விரல் வைத்துக் காட்டத் தெரிய வேண்டும். இடம் தெரிந்தால் அங்கே ஓர் உறை சுற்றலாம். அந்தப் பேச்சு வரும் நேரத்தில் ஒரு நாமத்தைச் சொல்லிக்கொள்வது, பதில் சொல்லும் முன் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வருவது, இவையெல்லாம் அத்தகைய உறைகள்தாம். சிறியவைதான், ஆனால் இடமறிந்து கட்டியவை.

எதை ஏற்றுவது?

இருவர் செல்லும் படகில் இடம் குறைவு. எத்தனை நாள் பயணம், நாளொன்றுக்கு எவ்வளவு உணவு, தாமதமானால் எவ்வளவு மிகுதி என்று கணக்கிட்டே ஏற்றுகிறார்கள். கடையிலிருந்து வரும் அட்டைப்பெட்டிகளைக் கரையிலேயே விட்டுவிடுவது மாலுமிகளின் பழக்கம். அட்டையின் மடிப்புகளில் கரப்பான் முட்டைகள் ஒளிந்து வரக்கூடும். ஏற்றிய ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் கட்டி வைக்கிறார்கள். படகு ஒருபக்கம் சாயும்போது கட்டாத சமையல் பாத்திரமும் ஆயுதமாகிவிடும். இருட்டில் கை நீட்டினால் எடுக்கும்படி விளக்கும் கத்தியும் இருக்க வேண்டும்.

முகாம் முடிந்து நாம் எதை ஏற்றிக்கொண்டு போகிறோம்? பத்துப் புத்தகங்கள், இருபது தீர்மானங்கள். அதிகாலை நான்கு மணிக்கு எழுவேன், இரண்டு மணி நேரம் தியானம் செய்வேன், தினம் ஓர் அத்தியாயம் கீதை, வாரம் ஒரு நாள் மௌனம். எதுவும் எதனுடனும் கட்டப்படவில்லை. முதல் அலையிலேயே எல்லாம் உருண்டு ஓடிவிடுகின்றன. 'என்னால் ஒன்றும் முடியவில்லை' என்ற சோர்வுதான் மிஞ்சுகிறது. அதுவும் நாமே ஏற்றி வந்த அட்டைப்பெட்டிதான்.

ஒரே ஒரு பயிற்சி போதும். அது எவ்வளவு சிறியதாகவும் இருக்கட்டும். ஆனால் நேரமும் இடமும் குறித்துக் கட்டப்பட்டதாக இருக்க வேண்டும். காய்ச்சலில் கிடந்தாலும், ரயிலில் போனாலும், வீட்டில் துக்கம் நேர்ந்தாலும் கை நீட்டினால் கிடைப்பதாக இருக்க வேண்டும்.

திட்டத்தில் இல்லாத துறைமுகம்

2018-இல் நடந்த ஒரு செய்தி என் மனத்தில் ஆழப் பதிந்திருக்கிறது. அந்த ஆறு பெண்களும் மூன்று பெருமுனைகளையும் கடந்து கேப் டவுனை விட்டுப் புறப்பட்டுவிட்டார்கள். இனி கோவாதான். அப்போது இந்தியப் பெருங்கடலில் தாரிணியின் சுக்கான் அமைப்பில் கோளாறு ஏற்பட்டது. திட்டத்தில் நான்கு துறைமுகங்கள்தான். அவர்கள் ஐந்தாவதாக, மொரீஷியஸின் போர்ட் லூயி துறைமுகத்திற்குள் படகைச் செலுத்தினார்கள். பழுதுபார்த்துக்கொண்டு பிறகு வீடு நோக்கிப் புறப்பட்டார்கள். மே 21 அன்று கோவா வந்து சேர்ந்தார்கள்.

'இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இனி சமாளித்துவிடலாம்' என்ற எண்ணம் அந்த நேரத்தில் எவருக்கும் எழக்கூடியதே. ஆன்மீக வாழ்விலும் இது பெரிய சோதனை. இருபது ஆண்டு சாதனை செய்தவருக்கு, 'என் சுக்கான் சரியில்லை' என்று ஒப்புக்கொள்வது புதிதாக வந்தவரைவிடக் கடினம். பிறர் நம்மைப் பெரியவர் என்று மதிக்கத் தொடங்கிய பின் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? யாரிடம் வழி கேட்பது? ஆனால் கடல் நம் ஆண்டுகளை எண்ணிப் பார்ப்பதில்லை. சுக்கானை மட்டுமே பார்க்கிறது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்பது பயணத்திற்கு இழுக்கு ஆகாது. அதுவும் பயணத்தின் ஒரு பகுதியே.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எவ்வளவு ஆயத்தம் செய்தாலும் புயல் வராது என்று எவரும் உறுதி கூற முடியாது. நம் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி 2013-இல் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றி வந்த முதல் இந்தியர். அத்தகையவரின் படகே 2018 செப்டம்பரில் தென் இந்தியப் பெருங்கடல் புயலில் பாய்மரம் முறிந்து நின்றது. முதுகெலும்பு காயமுற்று, எழ இயலாமல் அவர் படகிற்குள் கிடந்தார். ஆனால் அவசரச் சமிக்ஞைக் கருவியும் செய்தி அனுப்பும் கருவியும் அவரிடம் இருந்தன. மூன்றாம் நாள் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று அவரை மீட்டது. மீண்டும் எழுந்து நடந்த அவர், அதே போட்டியில் மறுபடி கலந்துகொண்டு 2023 ஏப்ரலில் இரண்டாவதாகக் கரை சேர்ந்தார். ஆயத்தம் துன்பத்தைத் தடுத்துவிடாது. துன்பத்தின் நடுவிலும் உதவி நம்மை வந்தடையும் வழியை அது திறந்து வைக்கிறது. பிரார்த்தனையும் அப்படிப்பட்ட ஒரு கருவிதான். அதைக் கரையிலேயே பழகி வைத்துக்கொள்ள வேண்டும்.

கரையின் ஆபத்து

துறைமுகத்திலும் ஓர் ஆபத்து உண்டு. ஓடாமல் நிற்கும் படகின் அடியில் பாசி படர்கிறது. ஓடுடைய சிறு கடலுயிர்கள் ஒட்டி வளர்கின்றன. அவை வேகத்தைத் தின்றுவிடும். புறப்படும் முன் அவற்றைச் சுரண்டி எடுக்கிறார்கள். நம் தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அந்நாட்களில் ராமேசுவரத்திலோ நாகப்பட்டினத்திலோ போய்ப் பாருங்கள். விசைப்படகுகளைக் கரையேற்றி, அடிப்பகுதியைச் சுரண்டி, பலகை மாற்றி, வண்ணம் பூசிக்கொண்டிருப்பார்கள். வலைகள் விரித்துத் தைக்கப்படும். கடலுக்குப் போகாத நாட்கள் அவர்களுக்கு வேலையில்லாத நாட்கள் அல்ல.

அமைதியான சூழலிலேயே நெடுநாள் இருப்பவர்களின் மனத்தின் அடியிலும் இப்படிச் சில ஒட்டிக்கொள்கின்றன. 'நான் மற்றவர்களைப் போல் இல்லை' என்ற எண்ணம், வசதிக் குறைவைப் பொறுக்க முடியாமை, வீடு திரும்பவே வெறுப்பு. முகாமை விட்டுப் போக மனமில்லை என்று ஓர் அன்பர் சொன்னால் பலர் அதைப் பக்தி என்று பாராட்டுவார்கள். பாசி பிடிக்கத் தொடங்கியிருக்கிறதோ என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

மாலுமி நல்ல காற்றுக்காகக் காத்திருக்கிறார். அதில் அச்சம் இல்லை. காற்று வந்ததும் கயிற்றை அவிழ்க்கிறார். அதில் அவசரம் இல்லை. அவர் கரைக்கு வந்ததே புறப்படுவதற்காகத்தான்.

மறுநாள் காலை

அன்று மாலை பேச்சை முடிக்கும்போது எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள் வைத்தேன். "இன்றிரவு கூடுதலாக ஒரு மாலை ஜபம் வேண்டாம். ஒரு தாளில் உங்கள் கயிறு எங்கே தேய்கிறது என்று ஒரே வரி எழுதுங்கள். யாரிடமும் காட்ட வேண்டியதில்லை."

மறுநாள் காலை அந்தப் பெரியவர் தனியாக வந்து தாளை நீட்டினார். அதில் ஒரு வரிகூட இல்லை. ஒரு பெயர் மட்டும் இருந்தது. "என் தம்பி, சுவாமிஜி. இதே ஊரில்தான் இருக்கிறான். ஒன்பது ஆண்டுகளாகப் பேச்சு இல்லை. அப்பா வீட்டை விற்றபோது வந்த சண்டை. வீட்டில் எனக்கு எழும் கோபமெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று நேற்றிரவுதான் பார்த்தேன்." சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "முகாம் முடிந்ததும் நேரே அவன் வீட்டுக்குப் போகிறேன். கதவைத் திறப்பானோ மாட்டானோ, அது அவன் விருப்பம்" என்றார்.

கதவு திறந்ததா என்பதை நான் அறியேன். அன்று மாலையே நான் ரயிலேற வேண்டியிருந்தது. ஆனால் இருபது ஆண்டுகளில் முதன்முறையாக அவர் ஒரு துறைமுகத்தை அதற்குரிய வேலைக்குப் பயன்படுத்தினார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ரயிலில் அமர்ந்து நானும் ஒரு தாளை எடுத்தேன். அந்த இளம் பிரம்மசாரிக்கு எழுதவேண்டிய கடிதம் ஓராண்டாக என்னிடம் பாக்கி இருந்தது.

அன்பர்களே, அடுத்த முறை உங்களுக்கு ஓர் அமைதியான நாள் வாய்க்கும்போது, ஏன், இன்று இந்தப் பக்கத்தைப் படித்து முடித்த இந்த அமைதியான கணத்திலேயே, மரத்தின் மீது ஒருமுறை ஏறிப் பாருங்கள். காற்று எப்போது எழும் என்பது நம் கையில் இல்லை. கரையில் இருக்கும் இந்த நேரம் நம் கையில் இருக்கிறது.

கரை சேர்ப்பவளான தாரிணி அன்னை, நம் படகின் தேய்ந்த இடங்களை நாமே காணும் கண்ணையும், கண்டதைச் சரிசெய்யும் துணிவையும் நம் எல்லோருக்கும் அருள்வாளாக!